லாதினா ஊற்றில் கட்டிய கரிப்பை

திங்கட்கிழமை மத்தியானம் சாயத்தைக் கொட்டியதிலிருந்து நெவென்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் ஏழு காபி குடித்திருந்தாள்; விதாக் வீட்டு முற்றத்தை எத்தனை தடவை சுற்றினாள் என்பதற்குக் கணக்கில்லை.

"டாக்டரம்மா, செத்த உக்காருங்களேன். உங்களையே பாத்துப் பாத்து எங்க நாய்க்குத் தலை சுத்துது," என்றான் விதாக்.

"உக்காந்தா மட்டும் தண்ணி சீக்கிரம் வந்துடுமா?"

"நடந்தா வருதா என்ன?"

விதாக்குக்கு ஐம்பத்தாறு வயது. லாதினா கிராமத்துத் தண்ணீர்க் குழுவின் தலைவன் அவன்தான். குழாய் ஒழுகினாலும் திட்டு வாங்குகிறவன் அவன்தான். நெவென்கா ஆற்றுப் பூச்சிகளை எண்ணுகிறவள். கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் புழுக்களை வைத்து அந்தத் தண்ணீரின் ஜாதகத்தையே சொல்லிவிடுவாள். பதினோரு வருடமாக, இந்தப் பக்கம் ஆராய்ச்சிக்கு வரும்போதெல்லாம் விதாக் வீட்டு மாடியறையில்தான் தங்கல், விதாக்கின் பழைய வேனில்தான் போக்குவரத்து. பதிலுக்கு அவள் சொல்வதையெல்லாம் விதாக் வேதமாக எடுத்துக்கொள்வான். "எங்க டாக்டரம்மா எழுதினா எழுதினதுதான்" என்று சாராயக்கடையில் அவன் மேசையைத் தட்டிப் பேசியதை அவளே கேட்டிருக்கிறாள்.

ஹெர்செகோவினாவின் இந்த மலைகளில் ஆறுகளுக்குக் கூச்சம் அதிகம். வெளியே கொஞ்ச தூரம் ஓடிவிட்டு ஏதாவது பாறை ஓட்டைக்குள் தலையைக் கொடுத்துவிடும். பிறகு எந்த மலைக்கு அந்தப் பக்கம் தலையைத் தூக்கும் என்பது அதற்கே வெளிச்சம். மேல் சமவெளியில் அப்படி ஓர் ஓட்டை உண்டு. மழைத் தண்ணீர் முழுவதையும் அது மடக்மடக்கென்று குடித்துவிடும். ஊரார் அதை நீர்விழுங்கி என்பார்கள். அந்தச் சமவெளியில்தான் பன்றிப் பண்ணை இருந்தது.

பண்ணை வருவதற்கு முன்னால், ஆறு வருடத்துக்கு முந்தைய மே மாதத்தில், நெவென்கா அந்த ஓட்டையில் சாயம் கொட்டிப் பார்த்தாள். மலைக்கு மேற்கே இருந்த ஆற்றில் சாயம் வந்தது. கிழக்கே, லாதினா கிராமம் குடிக்கும் ஊற்றில் வரவில்லை. 'மேல் சமவெளியின் நீர் லாதினா ஊற்றுக்கு வருவதில்லை' என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்த ஒரு வரியின் மேல்தான் பண்ணையைக் கட்டினார்கள். இப்போது அதை நான்கு மடங்காக்கப் போகிறார்கள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நகரத்தில் அதற்கான விசாரணை. பண்ணைக்காரர்களின் கையிலிருந்த ஒரே ஆயுதம் அவளுடைய அந்த வரி.

அந்த வரியில் அவளுக்கே நம்பிக்கை போய்விட்டது. சுத்தமான குளிர்ந்த தண்ணீரைத் தவிர வேறெதிலும் உயிர் தரிக்காத கல்லீ என்னும் பூச்சியின் குஞ்சுகள் லாதினா ஊற்றில் ஒரு காலத்தில் கல்லுக்குப் பத்து இருந்தன. போன அக்டோபரில் அறுபது கல்லைப் புரட்டினாள். ஒன்றுகூட இல்லை. கல்லெல்லாம் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஏதோ படிந்திருந்தது. கோடையில் அரசாங்கம் எடுத்த தண்ணீர்ப் பரிசோதனை எல்லாம் சரி என்றது. ஆனால் நீர்விழுங்கி வேலை செய்வது மழைக்காலத்திலும் பனி உருகும் காலத்திலும்தான். கோடையில் பரிசோதித்து என்ன பிரயோஜனம்? எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும், உறுதியாகாமல் வாயைத் திறக்கக் கூடாது என்று ஏழு மாதமாக அடக்கி வைத்திருந்தாள். விதாக்கிடம், "சும்மா ஒரு தடவை சரிபார்க்கறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுத்தான் திங்கட்கிழமை அதே நீர்விழுங்கியில் மறுபடியும் சாயம் கொட்டினாள்.

ஊற்றில் வரும் சாயம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீர்த்துப் போயிருக்கும். அதற்காகத்தான் கரிப்பை. சிறு துணிப்பையில் பொடிக்கரியைப் போட்டு ஊற்றுக்குள் கட்டித் தொங்கவிட்டால், கடந்து போகும் சாயத்தைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு அந்தக் கரியைப் பொட்டாஷ் காரம் கலந்த சாராயத்தில் ஊறவைத்தால் பச்சை நிறம் வெளியே வரும். வந்தால் அவள் எழுதிய வரி பொய். வராவிட்டால் பண்ணை நான்கு மடங்கு. எது நடந்தாலும் அவளுக்குத் தூக்கம் இல்லை.

புதன்கிழமை காலை எட்டரைக்கு முதல் பையை எடுத்துவிட்டு அடுத்ததைக் கட்டலாம் என்று ஊற்றுக்குப் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். ஊற்றுத் தொட்டி பளிங்கு மாதிரி இருந்தது. பாசியைச் சுரண்டி, கல்லைத் தேய்த்து, தொட்டி விளிம்பில் சுண்ணாம்புகூட அடித்திருந்தார்கள். கரிப்பையைக் காணவில்லை.

வெள்ளிக்கிழமை புனித ஜார்ஜ் திருநாள். அன்று விடிகாலையில் ஊர்ப் பெண்கள் பூவும் பச்சிலையும் போட்டு ஊற்று நீரில் முகம் கழுவுவார்கள். அதற்கு முன் ஊற்றைக் கழுவிச் சுத்தம் செய்வது வழக்கம். முறை வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது; ஆனால் இருபது வருடமாக எல்லார் முறையும் ஸ்தோயாவின் முறைதான். மற்றவர்கள் கழுவினால் அவளுக்குத் திருப்தி வராது.

நெவென்கா ஓட்டமும் நடையுமாக ஸ்தோயா வீட்டுக்குப் போனாள். துணி காயப்போடும் கொடியில், இரண்டு தலையணை உறைகளுக்கு நடுவில், அவளுடைய கரிப்பை வெள்ளைவெளேரென்று ஆடிக்கொண்டிருந்தது. வாசல்படியில் ஸ்தோயா உட்கார்ந்து கல்லுரலில் எதையோ இடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க வாங்க! நீங்க வர்றதுக்குள்ள கட்டிடலாம்னு பாத்தேன், முந்திக்கிட்டீங்க," என்று சிரித்தாள் ஸ்தோயா. "உங்க பை ஒரே அழுக்கு டாக்டரம்மா. திருநாளும் அதுவுமா அதைப் போய்த் தொங்க விடுவாங்களா? வர்றவ போறவள்லாம் என்ன சொல்லுவா? அதான் தொவைச்சுப் போட்டேன். கரியும் மாத்திடறேன்."

"எந்தக் கரிய மாத்தறீங்க அக்கா?"

"எங்க அடுப்புக் கரிதான். நல்ல ஓக் மரத்துக் கரி. உங்களது மாதிரியே பொடியா இடிச்சு, சல்லடையில சலிச்சுத்தான் போடுவேன். பாருங்க, வித்தியாசமே தெரியாது. போன தடவை நீங்களே கண்டுபிடிக்கலையே!"

நெவென்கா கொடியில் ஆடிய பையை விட்டு ஸ்தோயா பக்கம் திரும்பினாள்.

"போன தடவைன்னா?"

"அதான், பண்ணை கட்றதுக்கு முந்தி வந்தீங்களே, அப்ப. அதுவும் இதே திருநாள் சமயம்தானே. நாலு பையும் நான்தான் மாத்தினேன்." ஸ்தோயாவின் முகத்தில் சின்னப் பெருமை. "ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான்."

ஆறு வருடத்துக்கு முன் அந்த நாலு பைகளையும் அவிழ்த்தபோது, அவை எவ்வளவு சுத்தமாக இருக்கின்றன என்று தான் சந்தோஷப்பட்டது நெவென்காவுக்கு நினைவு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பை எதற்கென்று ஊரில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. சொன்னால் யாராவது போய்த் தொடுவார்கள், கிளறுவார்கள் என்று பயம். படித்தவளின் புத்திசாலித்தனம்! சொல்லியிருந்தால் ஸ்தோயா அந்தப் பைக்குக் காவலே இருந்திருப்பாள்.

"என்னோட கரி எங்க? எறிஞ்சுட்டீங்களா?"

"எறிவேனா? அடுப்புக்கு ஆகும்னு காயப் போட்டிருக்கேன்."

அடுப்புப் பக்கத்தில், செய்தித்தாளின் மேல், அவளுடைய கரி ஒரு கைப்பிடி பரத்தியிருந்தது. நெவென்கா சமையலறை மேசையில் பாலாடைக்கட்டித் தட்டை நகர்த்திவிட்டு, பையிலிருந்து குப்பியை எடுத்துக் கரியைப் போட்டுச் சாராயக் கரைசலை ஊற்றினாள். அவசரத்தில் பாதி வெளியே சிந்தியது. பிறகு அந்தச் சமையலறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். ஸ்தோயா ஒன்றும் புரியாமல் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து மணிக்கு ஜன்னல் வெளிச்சத்தில் குப்பியைத் தூக்கிப் பிடித்தபோது, கரிக்கு மேலே ஒரு விரல்கடை உயரத்துக்குப் பச்சை நின்றது.

"ஐயோ, அழகா இருக்கே! என்னம்மா அது?" என்றாள் ஸ்தோயா.

நெவென்கா சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் ஸ்தோயா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்ப அந்தப் பன்னிக் கழிசல்... இங்கயா வருது?"

"வருது."

"நான் கரிய மாத்தினதாலயா?"

"இல்லக்கா. தண்ணி அது பாட்டுக்கு வருது. நீங்க மாத்தினதால எனக்குத் தெரியாமப் போச்சு. நான் உங்ககிட்ட சொல்லாததால நீங்க மாத்தினீங்க. தப்பு என்னோடது."

வாய் இப்படிச் சொன்னாலும் புத்தி வேறு பக்கம் ஓடியது. அடுப்படியில் செய்தித்தாளில் கிடந்த கரியைக் கொண்டுபோய் விசாரணையில் வைத்தால் பண்ணையின் வக்கீல் வயிறு குலுங்கச் சிரிப்பான். புதுப் பை கட்ட வேண்டும். நாளைக் காலை ஏழு மணிவரை கண் கொட்டாமல் காவல் இருக்க வேண்டும். சாட்சியோடு அவிழ்க்க வேண்டும். அதுவரை ஊரில் மூச்சு விடக் கூடாது. இப்போதே சொன்னால், ஊராரைத் தூண்டிவிட்டாள், ஊரார் சாயத்தைக் கொண்டுவந்து கொட்டினார்கள் என்பான். ஒரே ஒரு நாள்தானே. இதெல்லாம் நியாயமான காரணம்தான். நியாயமான காரணங்களுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. நாளைக்குக் கையில் உறுதியான சான்றோடு நின்றால் தன் பெயர் அவ்வளவாகக் கெடாது என்று நினைத்தாள்.

"அக்கா, நாளைக்குப் பத்து மணி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. சத்தியம் பண்ணுங்க."

ஸ்தோயா சிலுவை போட்டுக்கொண்டாள். மனம் ஒப்பிப் போட்ட மாதிரி தெரியவில்லை.

புதுப் பையைக் கட்டிவிட்டு நெவென்கா ஊற்றுக்கரைக் கல்லில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று பேர். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து பை இருக்கிறதா என்று பார்த்தாள். பன்னிரண்டு மணிக்கு விதாக் கேனோடு வந்தான்.

"அட, இன்னிக்கு உக்காந்துட்டீங்களே! நாய்கிட்டச் சொல்லணும், சந்தோஷப்படும்," என்று கேனைக் குழாயடியில் வைத்தான். அவனுடைய பேத்தி துன்யா பிறந்து நாலு மாதம். தாய்ப்பால் போதவில்லை, பால்பொடிதான். "மருமக சான்யாவுக்கு வீட்டுக் குழாய்த் தண்ணி ஆகாது. நேரா ஊத்துலேருந்து பிடிச்சாந்தாத்தான் பிள்ளைக்குப் பால் கலக்குவா. ரெண்டு தடவை வேற காய்ச்சுவா. அவ பாக்கற சுத்தத்தப் பாத்தா நீங்களே அவகிட்ட வேலைக்குச் சேரலாம்."

காய்ச்சினாலும் பன்றிக் கழிவின் நைட்ரேட் உப்பு போகாது. சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். பெரியவர்கள் தாங்குவார்கள், நாலு மாதக் குழந்தையின் ரத்தம் தாங்காது, உதடு நீலம் பாரித்துவிடும். இதெல்லாம் நெவென்கா வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

"இந்த மழைக்குத் தண்ணி எப்படிப் பொங்குது பாத்தீங்களா?" என்றான் விதாக்.

"ஆமா," என்றாள் நெவென்கா.

கேன் நிறைந்தது. மூடியைத் திருகித் தோளில் தூக்கிக்கொண்டு, "சாப்பிட வந்துடுங்க, ஆட்டுக்கறி வெந்துட்டிருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் முதுகு சரிவில் இறங்கி மறையும் வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். 

அதற்கப்புறம் அந்தக் கல்லில் அவளால் உட்கார முடியவில்லை. பையைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். இப்போது கேனை இறக்கியிருப்பான். இப்போது பாத்திரத்தில் ஊற்றியிருப்பாள். ஒரு நாளில் என்ன ஆகிவிடும், நாலு மாதமாகக் குடித்ததுதானே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள்.  தூ, நீயும் ஒரு மனுஷியா என்று தன்னையே வைதுகொண்டு எழுந்து ஓடினாள். ஐம்பத்து மூன்று வயதில், சரளைக்கல் சரிவில், ரப்பர் பூட்ஸோடு ஓடினாள்.

சான்யா சமையலறையில் குழந்தையை மடியில் போட்டுப் பால் புட்டியை வாயில் வைத்திருந்தாள். பாதி காலியாகியிருந்தது. நெவென்கா புட்டியைப் பிடுங்கினாள். குழந்தை வீறிட்டது.

"என்ன பண்றீங்க?" என்று சான்யா கத்தினாள். விதாக் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தான்.

மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினாள். சாயம், கரி, ஸ்தோயாவின் உரல், ஆறு வருடத்துக்கு முந்தைய அந்த ஒரு வரி, குழந்தையின் உதட்டை நீலமாக்கும் உப்பு. விதாக் அசையாமல் கேட்டான். சான்யா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அதன் உதட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காய்ச்சித்தானே குடுத்தேன்," என்றாள் சான்யா.

"காய்ச்சினா போகாதும்மா. நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் ரத்தம் பாருங்க. இப்பவே."

விதாக் கரண்டியை மேசையில் வைத்தான்.

"எப்பத் தெரியும்?"

"இன்னிக்குத்தான். காலையில பத்து மணிக்கு."

விதாக் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு முப்பத்தைந்து.

"நான் தண்ணி பிடிக்கறப்ப நீ அந்தக் கல்லுலதானே உக்காந்திருந்த."

பதினோரு வருடத்தில் அவன் அவளை 'நீ' என்று சொன்னதில்லை.

"ஆமா விதாக்."

"மழை, தண்ணி பொங்குதுன்னு பேசினேன். ஆமான்னு சொன்ன."

"சொன்னேன்."

"ஆறு வருஷத்தை விடு. அது தெரியாமப் பண்ணது. ஸ்தோயாவும் தெரியாமப் பண்ணா, நீயும் தெரியாமப் பண்ண. அதுக்கு உன் மேல கோவப்பட எனக்கு மனசு வராது." அவன் குரல் உயரவே இல்லை. "ஆனா இந்த அரை மணி நேரம்? இதை நான் எந்தக் கணக்குல வைக்கறது?"

 நெவென்காவின் கையிலிருந்த புட்டி இன்னும் சூடாக இருந்தது.

அவர்கள் வேனில் ஏறிப் போன பிறகு அவள் வீடு வீடாகப் போனாள். லாதினாவில் நாற்பத்தொரு வீடு. கூடவே ஸ்தோயாவும் வந்தாள். நெவென்கா பேசத் தொடங்குவதற்கு முன்பே, "கரிய மாத்தினது நான்தான்," என்று ஒவ்வொரு வாசலிலும் தன்னை முன்னால் நிறுத்திக்கொண்டாள். சிலர் வைதார்கள். சிலர் நம்பவில்லை. ஒருவர், எங்கள் தாத்தா குடித்த தண்ணீர் இது என்று சொல்லி அவள் முகத்துக்கு நேரே ஒரு டம்ளர் குடித்துக் காட்டினார். பொழுது சாயும்போது விதாக் போன் செய்தான். குழந்தையின் ரத்தத்தில் உப்பின் தடயம் இருக்கிறது, ஆனால் ஆபத்தில்லை, வேறு தண்ணீர் கொடுத்தால் போதும் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். அதைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். நெவென்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்தோயாவின் வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு பாதிரியாரையும் பள்ளிக்கூட ஆசிரியையையும் கூட்டிக்கொண்டு ஊற்றுக்குப் போய், காவலில்லாமல் கிடந்த பையை எடுத்துவிட்டு வேறொன்றைக் கட்டி, விடியும்வரை அவர்களோடு அங்கேயே காவல் இருந்தாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, பாதிரியாரும் பள்ளிக்கூட ஆசிரியையும் பார்த்துக்கொண்டிருக்க, பையை அவிழ்த்தாள். பத்து மணிக்கு விசாரணை மேசையில் எல்லார் முன்னிலையிலும் கரைசலை ஊற்றினாள். பத்தரைக்குப் பச்சை ஏறியது. பண்ணையின் வக்கீல் சளைக்கவில்லை. ஒல்லியான மனிதர், பேனாவை ஆட்டி ஆட்டிப் பேசினார்.

"ஆறு வருஷத்துக்கு முந்தி 'வருவதில்லை'ன்னு எழுதினதும் நீங்கதானே? அதை எப்படி நம்பறது, இதை எப்படி நம்பறது?"

"அதை நம்பாதீங்க. கையெழுத்தை வாபஸ் வாங்கறேன். ஊற்றைக் கழுவற அம்மாவுக்குப் பை எதுக்குன்னு நான் சொல்லல. அதனால என் கைக்கு வந்தது அவங்க வீட்டு அடுப்புக் கரி."

"சரி. இந்த ஊற்றுல சாயம் இருக்குன்னு உங்களுக்கு எப்போ உறுதியாச்சு?"

"நேத்துக் காலையில பத்து மணிக்கு."

"ஊர்க்காரங்களுக்கு எப்போ சொன்னீங்க?"

பின் வரிசையில் விதாக் இருந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"பன்னிரண்டரைக்கு மேல."

"இடையில ரெண்டரை மணி நேரம் என்ன செஞ்சீங்க?"

"ஊற்றுக்கரையில உக்காந்திருந்தேன். ஒருத்தர் குழந்தைக்குத் தண்ணி பிடிச்சுக்கிட்டுப் போனார். பாத்துக்கிட்டிருந்தேன்."

வக்கீல் பேனாவை ஆட்டுவதை நிறுத்திவிட்டார். அடுத்த கேள்வியை அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே விசாரணையை நடத்திய தலைவர் அம்மாள் அந்தப் பதிலை எழுதி முடித்திருந்தார். விரிவாக்க விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று அன்றைக்கே உத்தரவு போட்டார்கள். பண்ணையை என்ன செய்வது என்பது வேறு விசாரணைக்குத் தள்ளிப் போனது.

வெளியே வந்தபோது விதாக் வேனை நகரத்துத் தீயணைப்பு நிலையத்தின் குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்தி, ஊர் முழுவதிலுமிருந்து பொறுக்கிக் கொண்டுவந்த கேன்களை இறக்கிக்கொண்டிருந்தான். ஸ்தோயா மூடிகளைத் திறந்து வரிசையாக வைத்தாள். நெவென்கா கேட்காமலேயே போய் ஒரு கேனை எடுத்துக் குழாயடியில் வைத்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"இது தெற்குப் பக்கத்து ஆழ்கிணத்துத் தண்ணி, விதாக். நான் பாத்திருக்கேன். சுத்தமானது," என்றாள்.

விதாக் வேனிலிருந்து ஒரு தகரக் குவளையை எடுத்தான். குழாயில் பிடித்து நிரப்பி அவளிடம் நீட்டினான்.

"முதல்ல நீங்க குடிங்க டாக்டரம்மா."

அவள் வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் அவன் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு குவளையை வாங்கி வைத்துவிட்டு, முதல் கேனைத் தூக்கி வேனில் ஏற்றினான்.